இரண்டு காதுகள், மூன்று பிணையாளர்கள்: டெர்ட்ராவின் கதை நாவலாகும்போது

எவின் மஹா கோட்டையின் மண்கரைமேல் நீஷா தனியாக நின்று பாடிக்கொண்டிருக்கிறான். அந்தக் குரல் காதில் விழுந்தால் பசுக்கள் வழக்கத்தைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகக் கறக்கும் என்று பேச்சு. அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரின் அரசன் கொன்ஹோவர் தனக்கென்று அடைத்து வளர்த்த பெண் டெர்ட்ரா, காவலுக்குத் தெரியாமல் வெளியே வந்து, அவனை அறியாதவள்போல் கடந்து போகிறாள்.

"அழகான கிடேரிதான் நம்மைத் தாண்டிப் போகிறது" என்கிறான் நீஷா. "காளை இல்லாத இடத்தில் கிடேரிகள் பெரிதாகத்தான் வளரும்" என்கிறாள் அவள். "இந்த மாகாணத்துக் காளையே உனக்கு இருக்கிறதே, அல்ஸ்டரின் அரசன்." "உங்கள் இருவரில் ஒருவரை எடுக்கச் சொன்னால் உன்னைப் போன்ற இளங்காளையைத்தான் எடுப்பேன்." துருயித், அதாவது குறிசொல்லும் பூசாரி, கத்வத் சொன்ன குறியைக் காட்டி அவன் மறுக்கிறான். "என்னை வேண்டாம் என்கிறாயா?" "ஆமாம்." அவள் பாய்ந்து அவனுடைய இரண்டு காதுகளையும் பிடித்துக்கொள்கிறாள். "என்னைக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் இவை இரண்டும் வெட்கத்தின் காதுகள், ஏளனத்தின் காதுகள்."

அயர்லாந்தின் மிகப் பழைய துயரக் கதைகளில் ஒன்றான இதை எடுத்து நாவல் எழுதுகிறவர் இந்த ஒரு பக்கத்தை எப்படிக் கையாள்கிறார் என்று பார்த்தாலே, மீதி எந்தத் திசையில் போகும் என்று சொல்லிவிடலாம். காதைப் பிடித்ததைக் குறும்பான காதல் விளையாட்டாக எழுதினால் பிற்பாதி முழுவதும் பிடிமானம் இல்லாமல் போகும். ஏனென்றால் அங்கே நடப்பது ஒரு கட்டு. சொன்ன சொல் ஒருவனைக் கட்டிப்போடுகிறது, அவிழ்க்க வழியில்லை. கதையின் எல்லாச் சாவுகளும் இப்படிக் கட்டிய சொற்களிலிருந்தே வருகின்றன: பிறக்கும்முன் சொன்ன குறி, காதைப் பிடித்துச் சொன்ன சொல், மூன்று பேர் கொடுத்த பிணை, விருந்தை மறுக்கக் கூடாது என்ற விலக்கு, உண்ணமாட்டோம் என்ற சபதம். வரலாற்று மாயப் புனைவுக்கு இந்தக் கதை தருகிற மாயம் இதுதான். வேறு மந்திரம் தேட வேண்டியதே இல்லை.

எந்தப் பிரதியைக் கையில் எடுப்பது

'டெர்ட்ரா கதை' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு கதைகள் கிடக்கின்றன. மூன்றையும் கலந்து எழுதத் தொடங்குவதுதான் முதல் தவறு.

முதலாவது, 'உஷ்லு மைந்தரின் நாடுகடந்த வாழ்வு' என்று பொருள்படும் 'லொங்கஸ் மக் நுஷ்லென்'. உஷ்லு மைந்தர் என்பது நீஷாவும் அவன் தம்பிகள் இருவரும். மொழியை வைத்துப் பார்த்தால் 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டு. கையில் கிடைப்பது 12-ஆம் நூற்றாண்டின் லென்ஸ்டர் ஏட்டிலும், 1400-ஐ ஒட்டிய லெகான் மஞ்சள் ஏட்டிலும். உரைநடை ஓர் அமர்வில் படித்துவிடும் அளவுதான், நடுநடுவே பாட்டு. 'குவால்னியே மாட்டுக் கவர்தல்' என்ற பெருங்கதைக்கு முன்கதையாக இது சொல்லப்பட்டது. அல்ஸ்டர்காரனான ஃபெர்கஸ் ஏன் எதிரி நாடான கொனாக்டில் இருக்கிறான் என்பதை விளக்குவதே அங்கே இதன் வேலை.

இரண்டாவது, சுமார் 15-ஆம் நூற்றாண்டில் உருவம் பெற்ற 'உஷ்னா மக்களின் சாவு'. அதே உஷ்லுதான் இங்கே உஷ்னா. இதன் பழைய பிரதியான கிளென்மாசன் ஏடு எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஆட்டப் பலகை, கனவில் வரும் மூன்று பறவைகள், ஸ்காட்லாந்துப் பள்ளத்தாக்குகளுக்கு விடை சொல்லும் பாட்டு, செங்கிளை மாளிகையில் இரவுப் போர், துருயித்தின் மாயக் கடல் எல்லாம் இதில்தான் வருகின்றன. லிர் மக்கள், துயிரன் மக்கள் கதைகளோடு சேர்த்துக் 'கதைசொல்லலின் முத்துயரங்கள்' என்று வழங்குவதும் இதையே.

மூன்றாவது வாய்மொழிக் கதை. 1867-இல் ஸ்காட்லாந்தின் பாரா தீவில் அலெக்சாண்டர் கார்மைக்கேல் கேட்டு எழுதியது. இதில் டெர்ட்ரா மூன்று முறை பேர் சொல்லி அழைக்க, நீஷா திரும்பிப் பார்க்கிறான். காதைப் பிடிப்பதே இல்லை. சாவுக்குப் பிறகு இருவர் கல்லறையிலும் மரம் முளைத்து மேலே ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்ளினில் வந்த நாடகங்களும் மறுகூறல்களும் பெரும்பாலும் இரண்டாவதையும் மூன்றாவதையும் சார்ந்தவை. அதனால் பொதுமனதில் பதிந்த டெர்ட்ரா கண்ணீரும் கனவுமான பெண். முதல் பிரதியின் டெர்ட்ரா வேறு ஆள்: வாயாடி, முரடு, முடிவெடுப்பவள். நாவலுக்கு முதலாவதை எலும்பாகவும் இரண்டாவதைச் சதையாகவும் கொள்வது நல்லது. மூன்றாவதிலிருந்து ஒரு காட்சியை எடுத்தால் முதலாவதில் அதற்கு ஈடான காட்சியை விட்டுவிட வேண்டும். காதையும் பிடித்து, மூன்று முறை பேரும் சொல்லி அழைக்கும் டெர்ட்ரா இரண்டு பெண்களாகப் பிளந்து நிற்பாள்.

கருவின் கூச்சலும் முதல் தவறும்

அரசனின் கதைசொல்லி ஃபெலிமி வீட்டில் விருந்து. பரிமாறிய நிறைசூலி மனைவி படுக்கப் போகும்போது வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை வீடு அதிரக் கத்துகிறது. குடித்திருந்த வீரர்கள் ஆயுதத்தோடு எழுந்துவிடுகிறார்கள். கத்வத் அவள் வயிற்றில் கைவைத்து, பிறக்கப்போவது பெண், அவளால் அல்ஸ்டரில் கொலை விழும் என்கிறான். பிறந்ததும் கொன்றுவிடச் சொல்கிறார்கள் வீரர்கள். அரசன் தடுத்து, வளர்த்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்கிறான்.

நாவலாசிரியர்கள் இங்கே குறியை விதியாக எழுதிவிடுகிறார்கள். விதி என்று வந்துவிட்டால் பிறகு யார் செய்வதற்கும் எடையில்லை. பிரதியைக் கூர்ந்து படித்தால் அந்த அறையில் மூன்று முடிவுகள் சாத்தியம்: கொல்வது, பெற்றவர்களிடமே விட்டுவிடுவது, அடைத்து வளர்ப்பது. அரசன் மூன்றாவதைத் தேர்ந்தான். குறி பலிக்கக் காரணமே அந்தத் தேர்வு. சாதாரணக் கதைசொல்லியின் மகளாக அவள் வளர்ந்திருந்தால் நீஷாவோடு போவதில் அரசனுக்கு என்ன மானக்கேடு? குழந்தையைக் காப்பாற்றிய கருணையும், தனக்கென்று எடுத்துக்கொண்ட பேராசையும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. கொன்ஹோவரை முழு வில்லனாக்கும் நாவல்கள் இந்த வாக்கியத்தை வீணடிக்கின்றன.

வளர்ப்பு வீட்டுக்குள் போக முடிந்தவர்கள் வளர்ப்புத் தந்தை, வளர்ப்புத் தாய், பிறகு லெவர்ஹம். மூன்றாமவளைத் தடுக்க முடியாது, காரணம் அவள் வசைகவி. அறம் பாடினால் என்ன ஆகும் என்று கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த ஒரு வரி போதும். அந்த நாட்டில் வசை பாடினால் முகத்தில் கொப்புளம் எழும் என்று நம்பினார்கள். பிற்காலத்தார் இவளை அன்பான தாதியாக மட்டும் ஆக்கிவிட்டார்கள். நாவலில் இவள் கையில் ஆயுதம் இருக்க வேண்டும். டெர்ட்ராவுக்குப் பேச்சு கற்றுக்கொடுத்தவள் இவள் என்று வைத்தால் காதுக் காட்சிக்கான பயிற்சி இங்கேயே தொடங்கிவிடும்.

பனியில் கன்றின் தோலை உரிக்கும் காட்சியை எல்லோரும் எழுதுகிறார்கள், எல்லோரும் அவசரமாக எழுதுகிறார்கள். வளர்ப்புத் தந்தை டெர்ட்ராவின் உணவுக்காகக் கன்றை உரிக்கிறான். சிந்திய ரத்தத்தை அண்டங்காக்கை குடிக்கிறது. காக்கை நிற முடி, ரத்த நிறக் கன்னம், பனி நிற உடல் உள்ள ஆண்தான் வேண்டும் என்கிறாள். நிறங்களை மட்டும் எழுதினால் அது வாழ்த்து அட்டை. இறந்த கன்றிலிருந்து ஆவி எழும். உரித்த தோலின் உட்புறம் வெளிறி வழுக்கும். ரத்தம் பனியைத் துளைத்து இறங்கி, ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் பரவும். வளர்ப்புத் தந்தையைத் தவிர ஆணே இல்லாத வீட்டில் வளர்ந்த பெண் தன் ஆசைக்கு உருவம் தேடும்போது அவள் கண்முன் கிடப்பது ஒரு கொலை. காட்சியின் கனம் அதில் இருக்கிறது.

காதுக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

பழைய ஐரிஷ் சட்டத்தில் ஒருவனுடைய மானத்துக்கு விலை உண்டு. அதன் பெயரே 'முகத்தின் விலை'. சிற்றரசன் ஒருவனுக்கு ஏழு குமல்; ஒரு குமல் என்பது வழக்கமாக மூன்று கறவைப் பசு. நாணயம் இல்லாத நாடு. மதிப்பெல்லாம் மாட்டுக் கணக்கில்தான். ஒருவனை முகத்துக்கு நேரே இழிவுபடுத்தினால், அவன் காப்பில் இருப்பவரைத் தாக்கினால், இந்த விலையைக் கொடுத்தாக வேண்டும். முகம் இழந்தவன் சாட்சி சொல்லவோ பிணை நிற்கவோ தகுதி இழப்பான்.

ஆக டெர்ட்ரா பிடித்தது முகத்தின் இரண்டு ஓரங்களை. அதற்குப் பிறகு நடப்பதை விட்டுவிடாமல் எழுத வேண்டும். நீஷா விலகிப் போகச் சொல்கிறான். பிறகு பாடுகிறான். அந்தப் பாட்டைக் கேட்ட அல்ஸ்டர் வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய எழுகிறார்கள். தம்பிகள் அன்லெயும் ஆர்தானும் ஓடிவந்து கேட்கிறார்கள். நடந்ததைச் சொன்னதும், இதனால் கேடு வரும், ஆனாலும் நாங்கள் உயிரோடு இருக்கும்வரை நீ அவமானத்தோடு இருக்க விடமாட்டோம் என்கிறார்கள். காதல் என்ற சொல் அந்தப் பேச்சில் இல்லை. அன்று இரவே புறப்படுகிறார்கள்: 150 வீரர், 150 பெண்கள், 150 நாய்கள், 150 பணியாளர்.

இந்த எண்ணை நாவலாசிரியர்கள் தூக்கி எறிந்து, நான்கு பேர் குதிரையில் ஓடுவதாக எழுதுகிறார்கள். எறிய வேண்டியதில்லை. 450 மனிதரும் 150 நாயும் என்றால் ஒரு சிற்றூரே பெயர்ந்து நடக்கிறது. தினமும் இறைச்சி வேண்டும், தங்க இடம் கொடுப்பவன் பயப்பட வேண்டும். அவர்கள் ஏன் அயர்லாந்தைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு சிற்றரசனிடமும் அடைக்கலம் கேட்டார்கள், ஏன் எங்கும் நிலைக்கவில்லை என்பதற்கு இந்த எண்ணே பதில்.

அல்பா: வெற்றிடமாகக் கிடக்கும் நடுப்பகுதி

மிக அதிகமான நாவல்கள் இங்கேதான் சரிகின்றன. அல்பாவில், அதாவது இன்றைய ஸ்காட்லாந்தில், கழிந்த ஆண்டுகளைப் பழைய பிரதி சில வரிகளில் முடிக்கிறது. மலையில் வேட்டை குறைந்தது, மாடு பிடித்தார்கள், அல்பா மக்கள் திரண்டார்கள், அரசனிடம் கூலிப்படையாகச் சேர்ந்தார்கள். டெர்ட்ரா யார் கண்ணிலும் படாதபடி வீடுகளை அமைத்தார்கள். ஒருநாள் விடியற்காலையில் அரண்மனைக் காரியக்காரன் வீட்டைச் சுற்றி வரும்போது இருவரும் தூங்குவதைப் பார்த்துவிட்டான். அரசன் அவளுக்குத் தூது விட்டான். அவள் ஒவ்வோர் இரவும் அதை நீஷாவிடம் சொன்னாள். ஆண்களைக் கடும்போர்களுக்கு அனுப்பிப் பார்த்தும் சாகவில்லை. கொல்லத் திட்டமிட்டபோது இரவோடு இரவாகக் கடல் தீவு ஒன்றுக்குத் தப்பினார்கள்.

இந்த இடைவெளியை 1923-இல் டெர்ட்ராவை நாவலாக்கிய ஜேம்ஸ் ஸ்டீஃபன்ஸ் தாண்டிப் போனார். ஓடிப்போவதோடு முதல் பாகம் முடிகிறது. இரண்டாம் பாகம் திரும்பி வருதலைப் பற்றியது. கொன்ஹோவரின் மனைவி மேவ் அவனை விட்டுப்போன கதையை முன்னே வைத்து, அரசனின் காயத்துக்கு இடம் கொடுத்தது அவருடைய பலம். ஐந்து நூல்களாகத் திட்டமிட்ட வரிசையில் இரண்டுதான் வந்தன. மேடையில் ஜே. எம். சிங் வேறு வழி எடுத்தார். 1909-இல் அவர் இறந்தபோது முழுமையடையாமல் கிடந்து, 1910 ஜனவரியில் ஆபி அரங்கில் மேடையேறிய நாடகத்தில், என்றாவது ஒருநாள் அவள்மேல் சலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தை நீஷா ஃபெர்கஸிடம் சொல்வதை டெர்ட்ரா கேட்டுவிடுகிறாள். திரும்பிப் போக அவளே சம்மதிக்க அதுவே காரணம். அந்த ஆண்டுகளின் உள்வாழ்வை நிரப்ப நடந்த முயற்சிகளில் இதற்கு இணையானது குறைவு. ஆனால் அது சிங்கின் கண்டுபிடிப்பு. எடுத்தாண்டால் உடனே தெரிந்துவிடும்.

தாண்டாமல் எழுத விரும்புகிறவருக்குப் பொருள் பழைய பிரதியிலேயே இருக்கிறது, ஆனால் தவறான இடத்தில். நீஷா இறந்த பிறகு, கொன்ஹோவரின் வீட்டில் இசைக்காரர்கள் வரும்போது டெர்ட்ரா பாடும் புலம்பலில் அல்பா முழுவதும் வருகிறது. நெருப்போரம் அவனைக் குளிப்பாட்டியது, அவன் கொண்டுவந்த ஹேசல் கொட்டைத் தேறல், ஆர்தான் தூக்கிவந்த எருதோ பன்றியோ, அன்லெ முதுகில் விறகுக்கட்டோடு வருவது. அரசனின் தேறல் இனிப்பதாகச் சொல்கிறார்கள், அதைவிட இனிய உணவை நான் உண்டிருக்கிறேன் என்கிறாள். நான்கு பேருக்கும் வேலைப் பிரிவினைகூட அதில் உண்டு. அந்தப் பாட்டை எடுத்துப் பின்னோக்கி விரித்தால் அல்பா அத்தியாயங்கள் கிடைத்துவிடும். பிறகு அதே பாட்டு கடைசியில் வரும்போது வாசகர் ஒவ்வொரு வரியையும் ஏற்கெனவே பார்த்திருப்பார்.

சமையலையே எடுத்துக்கொள்வோம். காட்டில் குழி வெட்டி, பலகையடித்து, நீர் நிரப்பி, நெருப்பில் காய்ச்சிய கற்களைப் போட்டு இறைச்சி வேகவைக்கும் முறைக்கு 'ஃபுலஹ்ட்' என்று பெயர். 1950களில் கார்க் மாவட்டம் பாலிவோர்னியில் அகழாய்வாளர் எம். ஜே. ஓகெல்லி இதைச் செய்து பார்த்தார். சுமார் 450 லிட்டர் நீர் அரை மணி நேரத்தில் கொதித்தது. வைக்கோலில் சுற்றிய நாலரைக் கிலோ ஆட்டுத்தொடை 3 மணி 40 நிமிடத்தில் வெந்தது. நடுநடுவே ஒரு கல் போட்டால் கொதி நிற்காது. அகழாய்வில் கிடைக்கும் குழிகளில் பெரும்பாலானவை வெண்கலக் காலத்தவை. ஆனால் இடைக்கால ஐரிஷ் கதைகளில் வேட்டைக்காரர்கள் இப்படித்தான் சமைக்கிறார்கள், அதனால் நாவலில் தாராளமாக வைக்கலாம். மூன்றே முக்கால் மணி நேரம் நான்கு பேர் ஒரு குழியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். எவ்வளவு பேசலாம், எவ்வளவு பேசாமல் இருக்கலாம்!

பூட்டு எப்படி விழுந்தது

திரும்ப அழைத்தது அரசனின் சதி என்றே பலரும் எழுதுகிறார்கள். முதல் பிரதியில் தொடக்கம் வேறு. உஷ்லு மைந்தர் வேற்று நாட்டில் எதிரி கையில் சாவது நமக்குக் கேவலம், மன்னித்து அழைத்துவிடலாம் என்று அல்ஸ்டர் மக்களே அரசனிடம் கேட்கிறார்கள். அவன் சம்மதிக்கிறான். நீஷா தரப்பு பிணை கேட்கிறது: ஃபெர்கஸ், துவ்தஹ், அரசனின் சொந்த மகன் கோர்மக். மூவரும் ஒப்புக்கொள்கிறார்கள். சட்டப்படி இதைவிடப் பலமான பாதுகாப்பு இருக்க முடியாது. அரசன் வாக்கை மீறினால் மீறியது மூவருடைய முகமும்தான்.

இனி பூட்டின் இரண்டு பற்கள். அயர்லாந்தில் காலடி வைத்ததும் முதலில் உண்பது கொன்ஹோவரின் உணவாகத்தான் இருக்கும் என்று நீஷாவும் தம்பிகளும் சொல்லியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொன்ன சொல் அது. மறுபுறம், அரசன் சொல்லிவைத்தபடி வழியில் ஃபெர்கஸை ஒருவர்பின் ஒருவராகத் தேறல் விருந்துக்கு அழைக்கிறார்கள். விருந்தை மறுப்பது ஃபெர்கஸுக்கு விதித்த விலக்கு, 'கெஷ்', என்று பிற்காலப் பிரதி தெளிவாகச் சொல்கிறது. ஒரு பல் மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஃபெர்கஸ் விருந்து முடிக்கும்வரை அவர்களும் உடன் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். சாப்பிட முடியாதது அவர்கள் வாக்கு. அவர்களோடு பசியாக ஃபெர்கஸும் நடந்திருக்கலாம். மறுக்க முடியாதது அவன் விலக்கு. இரண்டும் ஒன்றில் ஒன்று விழுந்த இடத்தில் பிணையாளனும் பிணைபெற்றவனும் பிரிகிறார்கள். ஃபெர்கஸ் தன் மகன் ஃபியஹாவை மட்டும் உடன் அனுப்புகிறான்.

இது நாவலில் தோற்பதற்கு ஒரே காரணம் நேரம். விலக்கு என்ற சொல்லை விருந்துக்கு அழைக்கும் பக்கத்தில்தான் முதல்முறையாக வாசகருக்குச் சொல்கிறார்கள். அப்போது அது ஆசிரியர் கைக்கு வந்த சாக்குபோல் தெரிகிறது; ஃபெர்கஸ் முட்டாளாகிறான். குறைந்தது மூன்று முறை முன்கூட்டி விதைக்க வேண்டும். முதல் தடவை சிரிப்பாக வரட்டும்: அவசர வேலைக்குப் புறப்பட்ட ஃபெர்கஸை ஒரு குடியானவன் கூழைத் தேறலோடு உட்காரவைத்துவிடுகிறான், கூட இருப்பவர்கள் காத்துக் கிடக்கிறார்கள். இரண்டாம் தடவை வேறொருவன் தன் விலக்கை மீறி, அந்தப் பருவத்துக்குள் விழுகிறான். மூன்றாம் தடவை கொன்ஹோவர் அதைக் கவனிப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இதற்குமேல் இன்னொன்றும் தயாராக இருக்கிறது: ஃபெர்கஸ் முன்னாள் அரசன். நெஸ் என்ற பெண்ணை மணக்க விரும்பி, அவள் மகனுக்கு ஓராண்டு அரசுரிமை தருவதாக வாக்குக் கொடுத்து, அதைத் திரும்பப் பெறாமலே போனவன். அந்த மகன்தான் கொன்ஹோவர். ஒரே ஆளிடம் சொல்லால் இரண்டாம் முறை ஏமாறும் மனிதனின் கோபம் எப்படி இருக்கும் என்பதற்கு எரிந்த எவின் மஹா சாட்சி.

கொலையை நீட்ட வேண்டாம். புல்வெளியில் அவர்கள் வந்து நிற்கிறார்கள். ஃபெர்ன்மாக் அரசன் ஏயோகன் வரவேற்க வருபவன்போல் வந்து, ஈட்டியை நீஷாவின் முதுகு முறியப் பாய்ச்சுகிறான். ஃபியஹா அவன்மேல் விழுந்து மூடுகிறான். அவனை ஊடுருவித்தான் நீஷாவைக் கொல்கிறார்கள். பிற்காலப் பிரதியின் இரவுப் போரும் மாயக் கடலும் மேடைக்கு அழகு. ஆனால் பட்டப்பகலில் பிணையாளனின் மகன் உடலைத் துளைத்துக்கொண்டு ஈட்டி போகும்போது, பிணை முறிவதை வாசகர் கண்ணால் பார்க்கிறார். அதற்கு மாற்று கிடையாது.

எந்தக் காலத்து எவின் மஹா

வரலாற்றுப் புனைவு என்று சொல்லிவிட்டால் காலத்தை முடிவு செய்தாக வேண்டும். கொன்ஹோவர் இயேசு சிலுவையேறிய செய்தி கேட்டு இறந்தான் என்று மரபு. அப்படியானால் கி.பி. முதல் நூற்றாண்டு. எவின் மஹா என்பது ஆர்மா நகருக்கு மேற்கே உள்ள நேவன் கோட்டை. அங்கே 1960களில் டட்லி வாட்டர்மன் தோண்டியபோது கிடைத்தது, சுமார் 40 மீட்டர் விட்டத்தில் வட்டவட்டமாகக் கருவாலிமரத் தூண்கள் நட்ட மாபெரும் கட்டடம். நடுத்தூணின் மரவளையக் கணக்குப்படி அதை வெட்டியது கி.மு. 95-ஐ ஒட்டி. அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களே சுண்ணாம்புக் கற்களால் நிரப்பி, தீ வைத்து, மேலே புல்மண் போட்டு மூடினார்கள். யாரும் அதில் குடியிருந்த தடயம் இல்லை. சுற்றியுள்ள அகழி மண்கரைக்கு உட்புறம் இருக்கிறது. காவலுக்காகத் தோண்டியதென்றால் வெளிப்புறம் இருந்திருக்கும்.

இதை எப்படிப் பயன்படுத்துவது? நேர்மையான இரண்டு வழிகள் உண்டு. கதையைக் கி.மு. முதல் நூற்றாண்டுக்குத் தள்ளி, ஃபெர்கஸ் வைத்த தீயை அந்தத் தீயோடு பொருத்தலாம். அப்போது அரண்மனை வாழ்க்கையை அந்த மேட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். அல்லது கதை எழுதப்பட்ட 8-ஆம் நூற்றாண்டின் சட்டம், உடை, உணவு இவற்றை அப்படியே எடுத்து, பெயர்களை மட்டும் பழங்காலத்தில் நிறுத்தலாம். பழைய பிரதி செய்தது இரண்டாவதைத்தான். எதை எடுத்தாலும் விழிப்பாக இருக்க வேண்டியவை சில: கோபுரம் வைத்த கல் கோட்டை கிடையாது, அங்கவடி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, முயல்குழி எழுதக் கூடாது (குழி முயல் நார்மன்களோடு வந்தது). நீஷாவும் டெர்ட்ராவும் ஆடுவது சதுரங்கம் அல்ல, 'ஃபிஹெல்'. அதன் விதிகள் தொலைந்துவிட்டன, ஆகவே காய் நகர்த்தலை விவரிக்காமல் கைகளை விவரிப்பது பாதுகாப்பு. உடை என்றால் நீள உள்ளாடையும் மேல் போர்வையும், போர்வைக்கு ஊசிக்கொக்கி. தேர் ஓடப் பாதை வேண்டுமே என்றால், லாங்ஃபர்ட் மாவட்டம் கார்லேயில் சதுப்பின்மேல் கருவாலிப் பலகைகளைக் குறுக்கே அடுக்கிப் போட்ட பாதை கி.மு. 148-ஐச் சேர்ந்தது.

பெயர்களையும் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். எழுத்துக்கூட்டிப் படித்து 'நாவோயிஸ்', 'கான்சோபர்' என்று எழுதினால் பாட்டின் ஓசை கெட்டுவிடும். நீஷா, கொன்ஹோவர், எவின் மஹா என்று ஒலிப்புக்கு அருகில் வைத்து, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை மாற்றாமல் இருந்தால் போதும்.

கடைசி ஓராண்டு

ஒரு லட்சம் சொல் அளவில் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் பிறப்புக்கும் காதலுக்கும் பாதியைச் செலவழித்துவிட்டு, இந்த ஓராண்டுக்கு ஐயாயிரம் மிச்சம் வைக்கிறார்கள். மாற்றி வைத்தால் நல்லது: பிறப்பும் வளர்ப்பும் 15 ஆயிரம், காதுக் காட்சியும் அலைச்சலும் 15, அல்பா 30, திரும்புதலும் பூட்டும் 20, அதன் பிறகு 20. கொலைக்குப் பிறகு கதை முடியவில்லை என்பதுதான் முதல் பிரதியின் துணிச்சல். பிற்காலத்தவர் பலர் அவளை நீஷாவின் உடல்மேலே விழுந்து சாகவிட்டார்கள். அது அழகான சாவு, கொன்ஹோவருக்கும் வசதியான சாவு.

பழைய பிரதியில் அவள் கையைப் பின்னால் கட்டிக் கொண்டுவரப்படுகிறாள். ஃபெர்கஸும் துவ்தஹும் கோர்மக்கும் எவின் மஹாவை எரித்துவிட்டு, 3,000 பேரோடு கொனாக்டுக்குப் போகிறார்கள். பதினாறு ஆண்டுகள் அல்ஸ்டரில் அழுகையும் நடுக்கமும் ஓயவில்லை. அரசனின் வீட்டில் அவள் ஓராண்டு. சிரிக்கவில்லை, போதுமான அளவு உண்ணவில்லை, உறங்கவில்லை, முழங்காலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இதை எழுத நாளொன்றுக்கு ஒரு காட்சி வேண்டாம். வீட்டில் மற்றவர்கள் எப்படி மாறுகிறார்கள் என்று எழுதலாம். தட்டு எடுக்க வருபவள் முதலில் கெஞ்சுவாள், பிறகு பேசாமல் எடுத்துப் போவாள், பிறகு தட்டு வைப்பதையே மறப்பாள். இசைக்காரர்கள் வரும்போது மட்டும் அவள் பாடுகிறாள். அல்பா அங்கே திரும்பி வருகிறது.

உலகத்தில் எதை மிகவும் வெறுக்கிறாய் என்று கொன்ஹோவர் கேட்கிறான். உன்னையும் ஏயோகனையும் என்கிறாள். அப்படியானால் ஓராண்டு ஏயோகனோடு இரு என்கிறான். மறுநாள் மஹாவின் திருவிழாக் கூட்டத்துக்குப் போகிறார்கள். தேரில் ஏயோகனுக்குப் பின்னால் அவள். உயிரோடு இருக்கும் இரண்டு கணவரை ஒரே இடத்தில் பார்க்கமாட்டேன் என்று அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். அதுவும் ஒரு வாக்கு. "எனக்கும் ஏயோகனுக்கும் நடுவே நீ பார்க்கும் பார்வை, இரண்டு கிடாக்களுக்கு நடுவே நிற்கும் பெட்டை ஆட்டின் பார்வை" என்கிறான் அரசன். கிடேரியும் காளையும் என்று தொடங்கிய பேச்சு இங்கே ஆட்டில் முடிகிறது. முதல் தடவை அவள் பதில் சொன்னாள். இப்போது பதில் இல்லை. எதிரே ஒரு பெரிய பாறை. அதில் தலை சிதறும்படி மோதுகிறாள்.

அந்தப் பாறை கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கக் கூடாது. தேர்ப்பாதை குறுகும் இடம் ஒன்றை முதல் பாகத்திலேயே காட்டிவிட வேண்டும். லெவர்ஹம் சிறுமியை வெளியே கூட்டிவந்த ஒரே நாளில், ஓட்டுபவன் கடிவாளத்தை இடப்பக்கம் இழுத்து, "தலையை உள்ளே இழுத்துக்கொள், குழந்தை" என்று சொல்லட்டும். அவள் இழுத்துக்கொள்ளட்டும்.